நம்ம வீட்டு குரூப்: 11ஆம் தேதி ராத்திரி

தேனி மாமா (7:48): மாப்ள இருக்கியா? பென்டிரைவ் மாதிரி இருக்கற அந்த டோக்கனைச் சொருகினா விண்டோஸ்ல ஒண்ணுமே வர மாட்டேங்குது. போடி ஏலக்காய் கம்பெனிக்கு ஜிஎஸ்டிஆர்-1, அதான் விற்பனைக் கணக்கு, போட இன்னைக்குத்தான் கடைசி

நான்: ஓடிபி வச்சு முடிச்சிரலாமே மாமா

தேனி மாமா: பிரைவேட் லிமிடெட்டுடா. டோக்கன்ல இருக்கற டிஜிட்டல் கையெழுத்து, அந்த டிஎஸ்சி இல்லாம போகாது

அம்மா: நல்லா இருந்த லேப்டாப்ல இவன்தான் எதையோ ஏத்திவிட்டுட்டுப் போனான்

நான்: அது உபுண்டும்மா, விண்டோஸ் மாதிரி இன்னொரு சிஸ்டம். விண்டோஸ் அதுக்குள்ள விர்ச்சுவல்பாக்ஸ்ங்கற சாஃப்ட்வேர்ல, கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடுது. மாமா, டோக்கன் இப்ப உபுண்டு கையில இருக்கு. அதை விண்டோஸ் கையில குடுக்கணும். மேல டிவைசஸ், அதுல யுஎஸ்பி. என்ன காட்டுது?

தேனி மாமா: ஒண்ணுமே இல்லைங்குது. காலையிலயே யுஎஸ்பி செட்டிங்ஸ்ல ஃபில்டர் சேர்க்கற பட்டன் ஒண்ணு இருந்துச்சு, அதையும் அமுக்கிப் பார்த்துட்டேன்

தங்கச்சி: யுஎஸ்பிக்குத் தனியா எக்ஸ்டென்ஷன் பேக் போடணும்ல? எங்க லேப்ல அப்படித்தான் போட்டாங்க

நான்: அது விர்ச்சுவல்பாக்ஸ் 6.1 வரைக்கும். மாமாகிட்ட இருக்கறது 7, யுஎஸ்பி 2, 3 எல்லாம் கூடவே வந்துரும். லிஸ்டே காலின்னா யுஎஸ்பியை விண்டோஸுக்குக் குடுக்க அனுமதி தர்ற விபாக்ஸ்யூசர்ஸ் குரூப்ல மாமாவோட யூசர் இல்லைன்னு அர்த்தம். நான்தான் சேர்க்க மறந்துட்டேன்

அம்மா: அதானே பார்த்தேன்

நான்: 📷 குரூப்ல சேர்க்கற கமாண்ட் இது, டெர்மினல்ல அப்படியே அடிங்க மாமா. மைனஸ், சின்ன ஏ, பெரிய ஜி. அந்தச் சின்ன ஏ விட்டுப்போச்சுன்னா மத்த குரூப்ல இருந்தெல்லாம் உங்களைத் தூக்கிரும், அட்மின் உரிமையும் போயிரும்

தேனி மாமா: பாஸ்வேர்டு கேக்குது. அடிச்சா ஒரு புள்ளி கூட விழல

நான்: விழாது மாமா. அடிச்சுட்டு என்டர் தட்டுங்க

தேனி மாமா (8:15): அடிச்சாச்சு. அப்பவும் காலிதான்

நான்: லாக் அவுட் பண்ணி வந்தீங்களா?

தேனி மாமா: மூடித் திறந்தேன்

நான்: விர்ச்சுவல்பாக்ஸையா?

தேனி மாமா: லேப்டாப்பை

நான்: 😐 விண்டோஸை ஷட்டவுன் பண்ணிட்டு, லேப்டாப்பையே ரீஸ்டார்ட் குடுத்துருங்க. மறுபடி உள்ள வந்தாத்தான் குரூப் ஏறும்

அத்தை (8:31): இங்க மவுஸ் ஓடலைன்னு மேஜையைத் தட்டிக்கிட்டு இருக்காரு

தேனி மாமா: விண்டோஸ் ஆன் ஆனதும் மவுஸ் அதுக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. வெளிய வர மாட்டேங்குது

நான்: காலையில நீங்க அமுக்குன பட்டனோட வேலை அது. ஃபில்டர்னா எந்த யுஎஸ்பி தானா விண்டோஸுக்குள்ள போகணும்னு சொல்றது. நீங்க வச்சது வெறும் ஃபில்டர், அதுல எந்தப் பேரும் இல்லை. பேர் இல்லைன்னா சொருகியிருக்கற எல்லாத்தையும் உள்ள இழுத்துக்கும். இவ்வளவு நேரம் குரூப்ல இல்லாததால சும்மா இருந்துச்சு. டச்பேடை வச்சு விண்டோஸை ஷட்டவுன் பண்ணி, அந்த ஃபில்டரை அழிச்சுருங்க

தங்கச்சி: மவுஸைக் கடத்திட்டாங்க 😂

தேனி மாமா (8:44): மவுஸ் வந்துருச்சு. இப்ப லிஸ்ட்ல டோக்கன் பேரும் தெரியுது. டிக் பண்ணா பிஸின்னு திட்டுது

நான்: லிஸ்ட்ல வந்துச்சுல்ல, பாதிக் கிணறு தாண்டியாச்சு. உபுண்டுல பிசிஎஸ்சிடின்னு ஒரு சர்வீஸ், ஸ்மார்ட் கார்டு மாதிரி எதைப் பார்த்தாலும் பிடிச்சு வச்சுக்கும். 📷 இதுல ரெண்டு வரி இருக்கு. ஒண்ணு சர்வீஸை நிறுத்த, இன்னொண்ணு சாக்கெட்டை நிறுத்த. ரெண்டுமே வேணும், சாக்கெட்டை விட்டா அது சர்வீஸை மறுபடி எழுப்பிவிட்டுரும். அடிச்சுட்டு டோக்கனை உருவிச் சொருகி, திரும்ப டிக் பண்ணுங்க

தேனி மாமா (8:57): டொடுங்னு சத்தம் வந்துச்சுடா!! பின் கேக்குது

அத்தை: அந்தச் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு

தேனி மாமா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

நான்: நல்லவேளை அழிச்சீங்க. பின்னையெல்லாம் குரூப்ல போடாதீங்க மாமா, அதுவும் அந்தக் கம்பெனி டைரக்டர் பின். தப்பா அடிச்சுக்கிட்டே இருந்தாலும் டோக்கன் லாக் ஆயிரும்

அம்மா: என்ன போட்டான்? நான் பார்க்கறதுக்குள்ள அழிச்சுட்டான்

தேனி மாமா (9:20): தாக்கல் ஆயிருச்சு, அதுக்கான ஏஆர்என் நம்பர் வந்துருச்சு 🙏 நாளைக்கு இன்னொரு கம்பெனிக்குப் போடணும். இதையெல்லாம் மறுபடி அடிக்கணுமா?

நான்: குரூப் வேலை ஒரு தடவையோட சரி. லேப்டாப்பை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா அந்த ரெண்டு வரி மட்டும் திரும்ப அடிக்கணும். ஞாயித்துக்கிழமை வந்து டோக்கன் பேரைப் போட்டே ஒரு ஃபில்டர் வச்சுத் தர்றேன். இப்ப டோக்கனைப் பிடுங்கறதுக்கு முன்னாடி அந்த டிக்கை எடுத்துருங்க

தேனி மாமா: பிடுங்கி பையில போட்டாச்சே

அத்தை: பையில இல்லை. சட்டைப் பாக்கெட்ல இருக்கு. சட்டை ஊற வச்சாச்சு