மதியச் சாப்பாட்டு நேரத்துல யார்கூட உட்காரணும்? ஆஸ்பெர்கர், 9ஆம் வகுப்பு

ரயில்நேசன்:
எனக்கு ஆஸ்பெர்கர்னு டாக்டர் சொல்லியிருக்கார், அதாவது மத்தவங்களோட பழகுறது சிரமமாகுற ஒரு வகை ஆட்டிசம். பாடம் நடக்கும்போது சிரமம் இல்ல. மதியம் 40 நிமிஷம்தான் கஷ்டம். கிண்டலா, நிஜமாவே கேட்கிறாங்களான்னு பிடிபடல. ரயிலைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியல. உதவி யார்கிட்ட, எப்படிக் கேட்கணும்?

சிறப்பாசிரியர்:
தம்பி, வகுப்புல யார் எப்போ பேசணும்னு ஒரு ஒழுங்கு இருக்கு. சாப்பாட்டு நேரத்துல அது கிடையாது, அதான் அங்கே தடுமாறுது. நீயே ஒரு ஒழுங்கு வச்சுக்கோ. முதல் 15 நிமிஷம் தினமும் ஒரே இடத்துல, ஒருத்தர் ரெண்டு பேரோட சாப்பாடு. எட்டு பேர் கும்பல்ல நாலு பேச்சு ஒண்ணா ஓடும், அதைத் தொடர்றது கஷ்டம். மீதி நேரத்துக்கு நூலகம், செஸ், ஜே.ஆர்.சி. (பள்ளி ஜூனியர் ரெட் கிராஸ்) மாதிரி கைக்கு ஒரு வேலை. வேலையைச் சுத்தி வர்ற பேச்சு சுலபம்.

ரயில் பேச்சுக்கு: மூணு வாக்கியம் சொல்லு, அப்புறம் எதிர்ல இருக்கிறவரைப் பத்தி ஒரு கேள்வி கேளு. தொடர்ந்து ரெண்டு தடவை வெறும் 'ம்'னு பதில் வந்தா அன்னிக்குப் போதும். ரயிலையே விட்டுடணும்னு யாராவது சொன்னா கேட்காதே. அதே ஆசை இருக்கிற ஒரு ஆள் கிடைச்சா அதுதான் நல்ல நட்பு.

கிண்டலா இல்லையான்னு முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க மெனக்கெடாதே. "அப்படிச் சொல்லாதே, எனக்குப் பிடிக்கல"ன்னு ஒருமுறை தெளிவா சொல்லு. நண்பன்னா நிறுத்திடுவான். நிறுத்தலைன்னா தேதி, இடம், சொன்ன வார்த்தை மூணையும் எழுதி வகுப்பாசிரியர்கிட்ட கொடு. "எல்லாரும் தொல்லை பண்றாங்க"ன்னு பொதுவா சொன்னா எந்த ஆசிரியராலும் ஒண்ணும் செய்ய முடியாது.

பள்ளி ஆலோசகர்:
வகுப்பாசிரியருக்கு அரைப் பக்கக் கடிதம் போதும். எது சிரமம், என்ன உதவி வேணும், யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்லக் கூடாது. கடைசி வரியை விட்டுடாதீங்க. நல்ல மனசோடதான் சில ஆசிரியர்கள் வகுப்பு முழுக்க அறிவிச்சுடறாங்க. "இவனைப் பார்த்துக்கோ"ன்னு ஒரு பையனை நியமிச்சாலும் ரெண்டே வாரத்துல அவனுக்கு அது வேலையாயிடும். விருப்பப்பட்டு வர்ற மூணு நாலு பேர் முறை வச்சு இருந்தா நிலைக்கும்.

ரயில்நேசன்:
நன்றி சார். சத்தம் தாங்காம காதைப் பொத்தினா சிரிக்கிறாங்க, அதுக்கு?

பள்ளி ஆலோசகர்:
பொத்துற நிலை வர்றதுக்கு முன்னாடியே வெளியேறணும். ஒரு கலர் அட்டை வச்சுக்கோ. மேசை மேல வச்சா, காரணம் கேட்காம 5 நிமிஷம் வெளியே விடணும்னு எல்லாப் பாட ஆசிரியர்கிட்டயும் முன்கூட்டியே பேசி வைக்கணும். ஒரு ஆசிரியருக்குத் தெரியலைன்னாலும் அன்னிக்குச் சிக்கல். போற இடமும் முடிவாகியிருக்கணும்.

சட்டம்_தெரிந்தவர்:
பெற்றோர் கவனத்துக்கு. 2013-ல வந்த டி.எஸ்.எம்-5 (மனநல டாக்டர்கள் நோயறிய வச்சிருக்கிற அமெரிக்கக் கையேடு) ஆஸ்பெர்கரைத் தனிப் பெயரா வைக்காம ஆட்டிசம் ஸ்பெக்ட்ரத்துல சேர்த்துடுச்சு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியல்லயும் ஆட்டிசம்தான் இருக்கு. அதனால டாக்டர் அறிக்கையில 'ஆட்டிசம்'ங்கிற சொல் இருக்கான்னு பாருங்க. வெறும் 'ஆஸ்பெர்கர்'னு இருந்தா மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கும்போது இழுபறி வரலாம். அந்தச் சான்றிதழ் இருந்தா சி.பி.எஸ்.இ. 10ஆம் வகுப்புத் தேர்வுல 3 மணி நேரத் தாளுக்கு 60 நிமிஷம் கூடுதல் நேரம் உண்டு. மாநில வாரியம்னா தலைமையாசிரியர் வழியா விண்ணப்பிக்கணும். 9ஆம் வகுப்பிலேயே ஆரம்பிச்சுடுங்க. மனசு ரொம்பக் கனத்தா 14416, டெலி மனாஸ்னு அரசோட மனநல உதவி எண், இலவசம், ராத்திரியிலும் எடுப்பாங்க.