மலையாள முத்திரை போட்ட தமிழ்ப் புத்தகம்: வெளியூர்ப் புத்தகக் கடைகளில் நம் ஊரைக் கண்ட அனுபவங்கள்

வடசேரியிலிருந்து

போன மாதம் ஒரு கல்யாண வரவேற்புக்காக நம் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து சென்னை போயிருந்தேன். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் போய் எழும்பூரில் இறங்கியது ஞாயிற்றுக்கிழமை காலை. வரவேற்பு சாயங்காலம்தான். அறையில் குளித்துவிட்டு நேராகத் திருவல்லிக்கேணி பாரதி சாலைக்குப் போனேன். பழைய ஆட்கள் இன்னும் பைகிராஃப்ட்ஸ் ரோடு என்றுதான் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் ஷட்டரை இறக்கியிருக்கும். அந்த ஷட்டருக்கு முன்னால் நடைபாதையில் புத்தகத்தைப் பரப்பி வைத்திருப்பார்கள்.

பார்க்கிறவனுக்கு அது வெறும் குவியல். ஆனால் விற்கிறவர் மனதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. இன்ஜினியரிங் புத்தகம் ஒரு பக்கம், போட்டித் தேர்வு கைடு ஒரு பக்கம், ஆங்கில நாவல் எல்லாம் முதுகு தெரிகிற மாதிரி முன் வரிசையில். பழைய தமிழ்ப் புத்தகம் கண்ணுக்குப் படவே இல்லை. கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “படிக்கவா, விக்கவா?” என்றார். படிக்கத்தான் என்றதும் பின்னால் சாக்குக்கு அடியிலிருந்து ஒரு கட்டை இழுத்துப் போட்டார். வாங்கிக்கொண்டுபோய் இன்னொரு இடத்தில் மூன்று மடங்கு விலைக்கு விற்கிறவர்கள் நிறைய வருகிறார்களாம். அவர்களுக்கு ஒரு விலை, படிக்கிறவனுக்கு ஒரு விலை.

அந்தக் கட்டில் கவிமணியின் பாடல்கள் அடங்கிய ஒரு பழைய பதிப்பு. தேரூர்க்காரரைத் திருவல்லிக்கேணி நடைபாதையில் பார்த்ததே சந்தோஷம். பிரித்தால் முதல் பக்கத்தில் வட்டமாக ஊதா நிற முத்திரை, அதுவும் மலையாள எழுத்தில்! பாதியை ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. ஊர்ப்பெயரின் முதல் எழுத்து மலையாள ‘ஆ’ என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. பக்கத்தில் மசியால் 214 என்று எண். புரசைவாக்கத்தில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது பழைய பேப்பரோடு எடைக்கு வந்ததாம். 150 ரூபாய் சொன்னார், 100 கொடுத்தேன்.

தமிழ்ப் புத்தகத்துக்கு எதற்கு மலையாள முத்திரை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்படியே நீங்களும் வெளியூர்ப் புத்தகக் கடைகளில் கண்டதை எழுதுங்கள். பெரிய ஷோரூம் கதை வேண்டாம். கடைக்காரர் நம்மோடு பேசுகிற கடையாக இருந்தால் நல்லது.

தக்கலையிலிருந்து (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

தம்பி, அந்த முத்திரை ஒரு வாசகசாலையுடையதாக இருக்கும். 1945-ல் பி.என். பணிக்கர் முயற்சியில் அம்பலப்புழையில் 47 நூலகங்கள் கூடித் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கம் ஆரம்பித்தார்கள். அப்புறம் ஊருக்கு ஊர் வாசகசாலை பெருகிற்று. அன்றைக்கு நாமும் திருவிதாங்கூர்தானே. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தன. அன்று நான் மூன்றாம் வகுப்பு. ஆகவே புத்தகம் தமிழில், முத்திரை மலையாளத்தில் இருப்பதில் அதிசயமில்லை. ‘ஆ’ என்றால் ஆளூர், ஆரல்வாய்மொழி, ஆற்றூர் மூன்றில் ஒன்று என்று நினைக்கிறேன். மலையாள முத்திரை என்பதால் என் மனம் ஆற்றூர்ப் பக்கம் சாய்கிறது.

என் அனுபவம் 1977-ல் நடந்தது. அன்றைக்கு நாகர்கோவிலுக்கு ரயில் கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து பாதை வந்தது 1979-ல், திருநெல்வேலியோடு இணைந்தது 1981-ல். பஸ்ஸில் திருநெல்வேலி போய், அங்கிருந்து மீட்டர்கேஜ் ரயிலில் மதராஸ். ஒரு பயிற்சிக்காகப் போயிருந்தேன். பயிற்சி முடிந்த மறுநாள் மூர் மார்க்கெட்.

சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி, சிவப்புக் கட்டிடம். 1900-ல் கட்டியது. கிளி, புறா, இசைத்தட்டு, பழைய கடிகாரம், எல்லாவற்றுக்கும் நடுவே புத்தகம். என் வாழ்க்கையில் அவ்வளவு புத்தகத்தை ஒரே இடத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு கடையில் பெரிய தமிழ் அகராதி ஒன்று கிடைத்தது. என் சம்பளத்துக்கு அது பெரிய தொகை. கையிலிருந்ததை எண்ணி, ஊர் திரும்ப டிக்கெட்டுக்கு மட்டும் எடுத்து வைத்துவிட்டு மீதியைக் கொடுத்தேன். ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நடுவில் ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் அச்சடித்து மடித்துத் தைக்கிற பக்கக் கட்டு, இல்லை. 16 பக்கம் போய்விட்டது. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் பள்ளி நூலகத்தில் இருந்த அதே பதிப்பைப் பார்த்து அந்த 16 பக்கத்தையும் கையால் எழுதினேன். இரண்டு மாதம் ஆயிற்று. எழுதிய தாள்களை உள்ளே வைத்துத் தைத்தேன். இன்றும் அந்த அகராதியைத்தான் புரட்டுகிறேன். அதனால் சொல்கிறேன்: பழைய புத்தகம் வாங்கும்போது பாரம் பாரமாக எண்ணிப் பாருங்கள். பழைய பதிப்புகளில் ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்கத்து அடியில் சின்னதாக ஒரு எண் இருக்கும். அந்த எண்கள் வரிசையாக வருகிறதா என்று பார்த்தால் போதும், எல்லாப் பக்கத்தையும் புரட்ட வேண்டியதில்லை.

1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்த செய்தியைத் தக்கலை பஸ் ஸ்டாண்டில் பேப்பரில் படித்தேன். அந்தக் கடைக்காரர் முகம்தான் முதலில் ஞாபகம் வந்தது. வியாபாரிகளுக்கு அல்லிக்குளம் பக்கம் இடம் கொடுத்தார்கள். பின்னால் ஒரு தடவை அங்கே போய் விசாரித்தேன். அவரைத் தெரிந்தவர் யாரும் இல்லை.

குழித்துறையிலிருந்து (வழக்கறிஞர்)

சார் எழுதியதைப் படித்ததும் என் கதையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

ஒரு சொத்து வழக்கு. மூலப்பத்திரம் மிகப் பழையது, நாஞ்சில் நாட்டு வேளாளக் குடும்பம், மருமக்கள்வழி. அதாவது சொத்து மகனுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். கவிமணி மான்மியம் பாடினாரே, அந்த மருமக்கள்வழிதான். கொல்லம் ஆண்டு 1101-ல், அதாவது 1926-ல், திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த முறையை மாற்றியது. எனக்கு அந்தச் சட்டத்தின் முழு வாசகம் வேண்டும். இணையத்தில் தேடியதில் கிடைத்ததெல்லாம் துண்டு துண்டு.

வேறு வேலையாக உயர் நீதிமன்றம் போனபோது பாரிமுனையில் சட்டப் புத்தகக் கடைகளில் ஏறி இறங்கினேன். அந்தக் கடைகளே தனி உலகம். வாசலில் புத்தம்புது பேர் ஆக்ட்டுகள் (சட்டத்தின் வாசகம் மட்டும் உள்ள புத்தகங்கள்), உள்ளே போகப் போக தோல் பைண்டிங் போட்ட பழைய தீர்ப்புத் தொகுதிகள், மேல் தட்டுக்கு ஏணி. யாராவது மூத்த வக்கீல் காலமானால் அவருடைய அறையில் இருந்த தொகுதிகள் அப்படியே இங்கே வரும், இளையவர்கள் வாங்கி அலமாரியில் அடுக்குவார்கள். முதல் இரண்டு கடையில் சட்டத்தின் பெயரைச் சொன்னதும் இல்லை என்று முடித்துவிட்டார்கள். மூன்றாவது கடையில் வயதான ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: “அம்மா, இது மெட்ராஸ் சட்டம் இல்லை. திருவாங்கூர் மகாராஜா போட்ட சட்டம். இங்கே எவ்வளவு தேடினாலும் வராது. நீங்க வஞ்சியூர் போங்க.”

வஞ்சியூர் இருப்பது திருவனந்தபுரத்தில். குழித்துறையிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். நான் எழுநூறு கிலோமீட்டர் தாண்டி வந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரமே போனேன். வஞ்சியூர் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் படியில் நிற்க வேண்டும். எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்கத் திணறுவேன். நாஞ்சில் நாட்டு வேளாளர் என்று வாயெடுத்ததும் கடைக்காரர், “ஆயிரத்தி நூற்றி ஒன்றா?” என்று கொல்லம் ஆண்டைச் சொன்னார். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. பரணிலிருந்து ஒரு பழைய சட்டத் தொகுதியை இறக்கித் துடைத்தார். விற்க மாட்டேன், ஒன்றுதான் இருக்கிறது என்றார். கடைப்பையனைக் கூடவே அனுப்பி எதிர்க்கடையில் ஜெராக்ஸ் எடுக்க வைத்தார். புத்தகத்தைக் கவிழ்த்து அழுத்தக் கூடாது, முதுகு விட்டுவிடும் என்று பையனிடம் இரண்டு தடவை சொன்னார். என்னிடம் காசு வாங்கவில்லை. மனசு கேட்காமல் ஒரு புதிய சட்ட அகராதி வாங்கிக்கொண்டு வந்தேன்.

வடசேரி அண்ணே, உங்கள் புத்தகம் இங்கிருந்து சென்னை போய்த் திரும்பியிருக்கிறது. என் சட்டம் சென்னையில் கிடைக்காமல் திருவனந்தபுரத்தில் கிடைத்தது. நம் மாவட்டத்தைப் பற்றி எதைத் தேடினாலும் இரண்டு ஊரிலும் கேட்டுப் பாருங்கள். ஒரு ஊரில் இல்லை என்றால் இல்லவே இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

குளச்சலிலிருந்து

எனக்குச் சின்ன அனுபவம்தான். திருவான்மியூரில் தாரா புக்ஸ் நடத்தும் ‘புக் பில்டிங்’ போனோம், ஏழு வயதுப் பையனோடு. பருத்திக் கழிவிலிருந்து செய்த காகிதத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் ஒவ்வொரு நிறமாகக் கையால் அச்சடித்த புத்தகங்கள். கோண்ட் ஓவியர்கள் வரைந்த மரங்களைப் பையன் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “அம்மா, வள்ளத்துப் பெயிண்ட் மாதிரி இருக்கு” என்றான். மை அவ்வளவு தடிமன். விலை எங்களுக்கு அதிகம், ஒன்றே ஒன்று வாங்கினோம். அதை இன்னும் கை கழுவிவிட்டுத்தான் தொடுகிறான்.

எங்கள் பக்கம் புத்தகக் கடை என்று போர்டு வைத்த இடத்தில் நோட்டு, கைடு, பேனா தவிர எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கான புத்தகம் கிடைக்கும் இடம் மாவட்டத்துக்குள் யாருக்காவது தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

அகஸ்தீஸ்வரத்திலிருந்து

அப்பா வில்லிசைப் புலவர். கோவில் கொடைத் திருவிழாக்களில் பாடிய கதைகளை எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தார். அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தால் பாதியைக் கரையான் அரித்திருந்தது. அச்சில் வந்த பிரதி எதுவாவது கிடைக்காதா என்று சென்னையில் தேடினேன். பாரிமுனைப் பக்கம் பஞ்சாங்கமும் ஜாதகப் புத்தகமும் விற்கிற ஒரு கடையில் ‘பெரிய எழுத்து’ புத்தகங்கள் இருந்தன. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போட்டவை. சாணித்தாளில் கொட்டை எழுத்து, பாட்டி கண்ணாடி இல்லாமல் வாசிப்பாளே, அதேதான். நல்லதங்காள் இருந்தது, எங்கள் ஊர்க் கோவில்களில் பாடுகிற கதைகள் இல்லை.

“அதெல்லாம் உங்க ஊர்ல ஏடாத்தான் இருக்கும் தம்பி” என்று சொல்லிவிட்டு அந்தக் கடைக்காரரே இன்னொரு கடைக்கு வழி சொன்னார். அங்கே நாட்டார் வழக்காற்றுக்கென்று ஒரு அலமாரி. அதில் அ.கா. பெருமாள் பதிப்பித்த கதைப்பாடல்கள். நம்ம நாகர்கோவில்காரர்! அதே வரிசையில் காலச்சுவடு புத்தகங்கள், பின்னால் முகவரி கே.பி. சாலை, நாகர்கோவில். தினமும் பைக்கில் போகிற ரோட்டின் பெயரைச் சென்னையில் நின்று வாசித்தேன். அப்பா பாடிய ஒரு கதை அந்தத் தொகுப்பில் இருந்தது. சில வரி அவர் பாடியது வேறு மாதிரி. நோட்டில் மிஞ்சியதை அச்சோடு ஒப்பிட்டு இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை 60 பக்கம் ஆகியிருக்கிறது.

தக்கலையிலிருந்து

மக்களே, அப்பா வேறு மாதிரி பாடிய வரிகளைத் திருத்திவிடாதே. அச்சு ஒரு பாடம், அதாவது கதையின் ஒரு வடிவம்; அவர் பாடியது இன்னொரு பாடம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுது. பென்சில் வேண்டாம், நல்ல மையில் எழுது. நோட்டுக்கு நடுவே காய்ந்த வேப்பிலை வை, மாதம் ஒரு தடவை வெளியே எடுத்துக் காற்றாட விடு. பெட்டியைத் தரையில் வைக்காதே.

ஆற்றூரிலிருந்து

நான் இதில் அதிகம் எழுதுவதில்லை. எங்கள் ஊரில் பழைய வாசகசாலை ஒன்று இருந்ததாக எங்கள் பாட்டா சொல்லுவார். புத்தகம் எல்லாம் எப்போதோ சிதறிவிட்டது. ஆனால் அதன் பதிவேடு ஒன்று மாமா வீட்டில் இருப்பதாகக் கேள்வி. இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன். அண்ணே, முத்திரையைப் போட்டோ எடுத்துப் போடுங்கள், வட்டத்தின் வலது பக்கம் தெளிவாக வர வேண்டும். மசி எண் 214 தானே?

வடசேரியிலிருந்து

214 தான் தம்பி. 4-க்கு மேல் லேசாக ஒரு கோடு இருக்கிறது, 219 ஆகவும் இருக்கலாம். இரண்டையும் பாருங்கள். போட்டோவை வெயில் வந்ததும் காலையில் எடுத்துப் போடுகிறேன்.