புதுப்பிப்பு: அக்காவின் பத்தாம் வகுப்பு

ஒன்பதாவதோடு படிப்பை விட்ட அக்கா 36 வயதில் பத்தாம் வகுப்பு எழுத, கட்டுப்படியாகும் வகுப்பு எங்கே கிடைக்கும் என்று போன மாதம் கேட்டிருந்தேன். சேர்த்துவிட்டோம்! வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இங்கே ஒரு பயிற்சி நிலையத்தில் 18,000 ரூபாய் கேட்டார்கள். "பாஸ் எங்க பொறுப்பு" என்ற பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் சொன்னபடி என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் நேரடியாகப் பதிந்தோம். பெண்களுக்குக் கட்டணம் குறைவு, தமிழ் வழியிலேயே எழுதலாம். பதிவு 5 ஆண்டு செல்லும். அதற்குள் 9 வாய்ப்புகள். தேறிய பாடத்தைத் திரும்ப எழுத வேண்டாம். தையல் வேலைக்கு நடுவே படிப்பவளுக்கு இதுதான் பெரிய நிம்மதி, ஒரு தடவைக்கு இரண்டு பாடம் போதும்.

கணக்கு கட்டாயமில்லை என்று தெரிந்தும் அக்கா அதையே எடுத்தாள். "விட்ட இடம் அதுதானே" என்றாள். நேற்று ராத்திரி தையல் மெஷின் மேல் நோட்டை விரித்து, அளவு நாடாவை வைத்தே பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். காலும் அரைக்காலும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதைப் புத்தகத்தில் எழுதும் விதம்தான் புதிது.

அப்புறம், எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் பழையது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.