பிக் பேங் தியரி: ஷெல்டன் தொடாமல் வாசிக்கிற வாத்தியமும் அந்தப் பாட்டும்

கோண்டாவில் அக்கா:
நானும் தங்கச்சியும் பிக் பேங் தியரி என்ற அமெரிக்கப் பகிடித் தொடரை முதலில் இருந்து பார்த்துக்கொண்டு வருகிறோம், இப்போது நான்காவது சீசன். விஞ்ஞானப் பகிடிகள் ஓரளவு விளங்குகின்றன, பாட்டு வருகிற இடத்தில்தான் இடறுகிறது. அதில் வருகிற விஞ்ஞானி லெனர்ட் சமன்பாடு தீர்க்கிற ஆப் ஒன்று செய்யத் தொடங்கி, தொல்லை தாங்காமல் தன் கூட்டாளி ஷெல்டனைக் குழுவில் இருந்து விலக்கிவிடுகிறான். அப்புறம் ஷெல்டன் ஒரு பெட்டிக்கு முன்னால் கையை ஆட்டுகிறான், தொடவே இல்லை, பேய்ப்படத்தில் வருகிற மாதிரிச் சத்தம், கூடவே பாட்டு. சனம் சிரிக்கிறது, நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அது என்ன வாத்தியம்? பாட்டில் என்ன பகிடி?

ரேடியோ திருத்துபவன்:
அது தெரமின், தங்கச்சி. லெவ் தெரமின் என்ற ரஷ்யர் 1920 அளவில் கண்டுபிடித்தது. உள்ளே உயர் அதிர்வெண்ணில் ஓடுகிற சுற்று இரண்டு இருக்கும். நிமிர்ந்து நிற்கிற கம்பிக்குக் கிட்டக் கை போனால் ஒன்றின் அதிர்வெண் மாறும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எங்கள் காதில் சுரமாக விழுகிறது. மற்றக் கை, பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற வளையக் கம்பிக்குக் கிட்டப் போகப் போகச் சத்தம் குறையும். பழைய ரேடியோவுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனால் கூவுமே, அதே சங்கதிதான்.

மானிப்பாய் மாமா:
பாட்டு ‘நோபடி நோஸ் த ட்ரபிள் ஐவ் சீன்’. நான் பட்ட துன்பம் ஒருவருக்கும் தெரியாது என்று அர்த்தம். அமெரிக்காவில் அடிமைகளாகக் கிடந்த கறுப்பின மக்களின் பக்திப் பாட்டு அது, ஜாஸ் பாடகர் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் பாடியதைக் கட்டாயம் கேளுங்கள். அவ்வளவு பாரமான பாட்டை, ஒரு ஆப் வேலையில் சேர்க்கவில்லை என்பதற்காக ஷெல்டன் எடுத்து இழுக்கிறான். சின்ன விஷயத்துக்கு ஒருவர் புலம்பினால் ‘ஏன் முகாரி பாடுகிறாய்’ என்று நாங்கள் கேட்பதில்லையா? அவன் உண்மையாகவே முகாரி பாடுகிறான். பாட்டின் பாரம் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த இடம் முழுதாகச் சேரும்.

வயலின் பிள்ளை:
மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் வயலின் படித்த எனக்கு அந்த வாத்தியத்தில் பெரிய மரியாதை. வயலினில் விரலுக்குக் கீழே தந்தியாவது இருக்கிறது, இதில் வெறும் காற்று, காதை மட்டும் நம்ப வேண்டும். சுரத்தை அசைக்கிற கமகம் தானாக வரும். ஆனால் ச-வில் இருந்து ப-வுக்கு இழுபடாமல் போவதுதான் பாடு, மற்றக் கையால் சத்தத்தை ஒரு கணம் அடக்கிவிட்டுத் தாண்ட வேண்டும். இன்னொன்று, பழைய ஸ்டார் ட்ரெக் டிவித் தொடரின் தொடக்க இசையும் தெரமின் என்று பலர் நினைக்கிறார்கள். அது லூலி ஜீன் நோர்மன் என்ற பாடகியின் குரல்.

கோண்டாவில் அக்கா:
எல்லாருக்கும் நன்றி. ராத்திரி அந்த இடத்தைத் திரும்பப் போட்டு, கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். சரி, தங்கச்சிக்கு இப்போது தெரமின் செய்து பார்க்க வேண்டுமாம். ரேடியோ அண்ணா, அதற்கு என்ன சாமான் வாங்க வேண்டும்?