ஓவியத்தின் விலையை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

சித்திரவாசகர்:
லியோனார்டோ டா வின்சி வரைந்ததாகச் சொல்லப்படும் ‘சால்வேட்டர் முண்டி’ 1958இல் லண்டனில் நடந்த ஏலத்தில் 45 பவுண்டுக்குப் போனது. அதே ஓவியம் 2017 நவம்பரில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நடத்திய ஏலத்தில் 45 கோடி டாலருக்கும் மேல் விற்றது. பணவீக்கத்தை மட்டும் காட்டி இதை விளக்க முடியாது. இடையில் மாறியது என்ன? படைப்பின் தரத்துக்கு விலையில் பங்கு உண்டா?

பழஞ்சுவடி:
1958இல் அது லியோனார்டோவின் பெயரில் அல்ல, அவர் பட்டறையைச் சேர்ந்த போல்ட்ராஃபியோவின் பெயரிலேயே குறிக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தவர் பூசிய வண்ணம் மூல ஓவியத்தை மறைத்திருந்தது. 2005இல் அமெரிக்க வணிகர்கள் அதை வாங்கி, மேல்பூச்சை நீக்கிச் சீரமைத்து, அறிஞர்களிடம் காட்டினார்கள். 2011இல் லண்டன் நேஷனல் கேலரி தன் கண்காட்சியில் அதை லியோனார்டோவின் பெயரிலேயே வைத்ததுதான் பெரிய திருப்பம். இன்றும் இதை ஏற்காத அறிஞர்கள் உண்டு. ஆயினும் சந்தைக்கு அந்த ஒப்புதல் போதுமானதாக இருந்தது. ஏலத்தில் சுத்தியல் விழுந்தது, அதாவது கடைசிக் கேட்பு முடிந்தது, 40 கோடி டாலரில். அதற்கு மேற்பட்டது வாங்கியவர் ஏல நிறுவனத்துக்குச் செலுத்திய கட்டணம்.

ஏலப் பட்டியல்களைக் கூர்ந்து படித்துப் பாருங்கள். ஓவியரின் பெயர் மட்டும் அச்சாகியிருந்தால், அது அவரே வரைந்தது என்று நிறுவனம் கருதுகிறது எனப் பொருள். ‘அவருடையதாகக் கருதப்படுவது’, ‘அவர் பட்டறையைச் சேர்ந்தது’, ‘அவர் வட்டத்தைச் சேர்ந்தது’, ‘அவரைப் பார்த்து வரைந்தது’ என்று படிப்படியாக இறங்க இறங்க விலையும் சரியும். யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்ற உடைமை வரலாறும் அவ்வளவு முக்கியம். ஐரோப்பாவில் இருந்த ஓவியம் ஒன்றுக்கு 1933 முதல் 1945 வரையிலான பதிவுகள் விடுபட்டிருந்தால், நாஜிகள் பறித்த சொத்தாக இருக்குமோ என்ற ஐயத்தில் வாங்குபவர்கள் விலகிவிடுவார்கள்.

கூடத்துப்பணி:
மேலே சொன்னது மறைந்த ஓவியர்களுக்குப் பொருந்தும். வாழும் ஓவியரின் முதல் விலையைக் கலைக்கூடமே வைக்கிறது. படத்தின் அளவு, ஓவியர் இதுவரை நடத்திய கண்காட்சிகள், அவருடைய முந்தைய விலை ஆகியவற்றைப் பார்த்து வைக்கும் அந்த விலையில் பெரும்பாலும் பாதி கூடத்துக்குப் போகும். வைத்த விலையைக் குறைத்தால் முன்பு வாங்கியவர்களின் நம்பிக்கை போய்விடும் என்பதால் கூடங்கள் மிக மெதுவாகவே ஏற்றுகின்றன. வாங்குபவரையும் தேர்ந்தெடுக்கிறார்கள்: அருங்காட்சியகத்துக்கு முதலிடம், உடனே ஏலத்துக்குக் கொண்டு ஓடுபவருக்குக் கடைசி இடம். இளம் ஓவியர் ஒருவரின் படம் ஏலத்தில் விலைபோகாமல் திரும்பினால், அந்தச் செய்தி அவர் பெயரோடு பல ஆண்டுகள் ஒட்டிக்கொள்ளும்.

இதில் எனக்கு ஆற்றாமை ஒன்று உண்டு. 1973இல் நியூயார்க்கில் ராபர்ட் ஸ்கல் தன் சேகரிப்பை ஏலம் விட்டபோது, அவர் முன்பு 900 டாலருக்கு வாங்கிய, ஓவியர் ராபர்ட் ரவுஷன்பர்க்கின் ஒரு படைப்பு 85,000 டாலருக்குப் போனது. வரைந்தவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு தரும் சட்டத்தை 1920இலேயே பிரான்ஸ் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்று அந்தப் பங்குக்கு ஒரு விற்பனைக்கு 12,500 யூரோ என்ற உச்சவரம்பு இருக்கிறது. அவ்வளவு சிறிய தொகையைக்கூடத் தர மறுக்கும் சந்தைகள் இன்னும் இருப்பது நியாயமில்லை.

சித்திரவாசகர்:
விரிவான விளக்கத்துக்கு நன்றி. தரத்தைப் பற்றிய கேள்வி மட்டும் இன்னும் நிற்கிறது.

பழஞ்சுவடி:
1938இல் ரோட்டர்டாமின் பாய்மன்ஸ் அருங்காட்சியகம் 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் தலைசிறந்த படைப்பென்று ஓர் ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தது. அதை வரைந்தது தாமே என்று ஹான் வான் மேகரென் 1945இல் ஒப்புக்கொண்ட பிறகு, அதில் ஒரு கோடும் மாறாமலே அதன் மதிப்பு சரிந்தது. ஆகவே இரண்டு ஓவியர்களின் விலையை ஒப்பிட்டு, யார் சிறந்தவர் என்று முடிவு செய்ய முடியாது. ஒரே ஓவியரின் படங்களுக்குள் மட்டும் தரம் ஓரளவு பேசும். அவருடைய உச்ச காலத்துப் படம், சேதமில்லாத நிலை, அவருக்கே உரிய கருப்பொருள் ஆகியவை விலையை உயர்த்தும். பல தலைமுறைகளாக ஒரே குடும்பத்தில் இருந்துவிட்டு முதன்முறையாக வெளியே வரும் படத்துக்கு, அடிக்கடி கைமாறிய படத்தைவிடக் கூடுதல் போட்டி இருக்கும்.