இரண்டாவது ஐயூஐ (கழுவிய விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது) ஊசி போட்டு 44 மணி நேரத்துக்குப் போய்விட்டது, அடுத்து என்ன?

ஊர் கோத்தகிரி, சிகிச்சை கோயம்புத்தூரில். மனைவிக்கு 31, எனக்கு 35. நாலு வருஷமாக முயற்சி. அவருக்கு பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை), மாதவிடாய் 45 நாளுக்கு ஒருமுறை. ஏஎம்எச் (முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.1, தைராய்டு சரி, எச்எஸ்ஜி எக்ஸ்ரேயில் இரண்டு கருக்குழாயும் திறந்திருக்கிறது. எனக்கு விந்தணு மில்லிக்கு 1.8 கோடி; முன்னோக்கி நீந்துவது மட்டும் 26 சதவீதம், 30 இருக்கணும்.

மனைவி பிசிஓஎஸ்ஸுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை ஆறு மாதம் எடுத்தார், எடை 74 கிலோவிலிருந்து 68. முட்டை வளர வைக்கும் லெட்ரோசோல் மாத்திரை 2.5 மி.கி.யில் 13ஆம் நாள் ஸ்கேனில் முட்டைப்பை (முட்டை வளரும் சிறு பை, ஃபாலிக்கிள்) 11 மி.மீ. தாண்டவில்லை. 5 மி.கி. ஆக்கியதும் 19 மி.மீ., கர்ப்பப்பை உள்சவ்வு 8.5. முட்டையை வெடிக்க வைக்கும் எச்சிஜி ஊசி 5,000 யூனிட் போட்டு 36 மணி நேரத்தில் முதல் ஐயூஐ, கழுவிய பிறகு 70 லட்சம் அணு. நெகட்டிவ்.

இரண்டாவதில்தான் சிக்கல். இரவு 10 மணிக்கு ஊசி, அடுத்த நாள் விட்டு மறுநாள் காலை 10 மணிக்கு அங்கே இருக்கணும். மேட்டுப்பாளையம் ரோட்டில் மண்சரிவு. குன்னூர் சுற்றிப் போய், மாதிரி கொடுத்து, கழுவி முடிக்க மாலை 6. வெடித்த முட்டைக்கு 12 முதல் 24 மணி நேரம்தான் உயிர். அதுவும் நெகட்டிவ். (மாதிரியை வீட்டிலேயே எடுத்துப் போகலாமே என்று சொல்லாதீர்கள், ஒரு மணி நேரத்துக்குள் லேபில் இருக்கணும், மலை இறங்கவே அது பத்தாது.)

ஐவிஎஃப் (வெளியே கருவாக்கி உள்ளே வைப்பது) என்றால், இவ்வளவு அதிக ஏஎம்எச்சுக்கு ஊசிகளால் சினைப்பை வீங்கும் ஆபத்து கூடுதல். முடிவு உங்களுடையது என்கிறார் டாக்டர்.

தாமதமானதைக் கணக்கில் சேர்க்காமல், முந்தின நாளே கீழே போய்த் தங்கி, இதே 5 மி.கி.யில் இன்னொரு ஐயூஐ பார்க்கலாமா, இல்லை நேரே ஐவிஎஃப்தானா?