"டே" என்ற எழுத்தில் ஆண் குழந்தைக்குப் பெயர்: உங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள்?

அறந்தாங்கி அம்மா

மகன் பிறந்து இன்றோடு 22 நாள். 30ஆம் நாள் தொட்டிலில் போட்டுப் பெயர் வைப்பதாகப் பேச்சு. இன்னும் பெயர் அமையவில்லை. ஆளாளுக்குத் தம்பி, தங்கம், குட்டி என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். எல்லாம் ஒரே ஒரு எழுத்தால் வந்த வினை.

நட்சத்திரம் ஆயில்யம், மூன்றாம் பாதம். ஒரு நட்சத்திரத்துக்கு நான்கு பாதம், பாதத்துக்கு ஒரு எழுத்து என்று பஞ்சாங்கத்தில் இருக்கிறது. இவனுக்கு வந்த எழுத்து "டே".

ஜோசியர் இதைச் சொன்னதும் முதலில் சிரித்தது என் தம்பிதான். "அக்கா, இவனுக்குத் தனியாப் பேரே வேண்டாம். டேய்னு கூப்பிட்டாலே நட்சத்திரப் பேரு ஆயிடும்." மாமனார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தலைப்பேரன், எழுத்து தப்பக் கூடாது என்பதில் ஒரே பிடிவாதம்.

போனில் தேடினால் டேவிட், டேனியல் என்று வருகிறது. நல்ல பெயர்கள்தான். ஆனால் கருப்பர் கோயிலில் முடியிறக்கக் காத்திருக்கும் பிள்ளைக்கு அதை வைத்தால் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிடும். மிச்சம் வருவதெல்லாம் டேஜஸ், டேவான்ஷ் மாதிரி. தேஜஸ் என்ற சொல்லை யாரோ இங்கிலீஷில் படித்து டேஜஸ் ஆக்கியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை. தினமும் ராத்திரி பத்துப் பெயர் அனுப்புகிறார். ஒன்பது "த"வில் தொடங்குகிறது, பத்தாவது போன வாரமே அனுப்பியது.

இப்படிப் பெயரே வராத எழுத்து அமைந்தவர்கள் என்ன செய்தீர்கள்?

சேலத்துக்காரன்

எங்களுக்குப் பரணி நான்காம் பாதம், "லோ". லோகேஷ் என்று வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். எங்கள் தெருவிலேயே மூன்று லோகேஷ் இருக்கிறார்கள் என்று மனைவி ஒத்துக்கொள்ளவில்லை.

தாத்தா பெயர் உலகநாதன். அப்பா ஒரு வாதம் வைத்தார்: "லோகநாதன்தானே தமிழ்ல உலகநாதன். அப்ப எழுத்து 'லோ'தான்." ராமன் இராமன் ஆகிறான், ரங்கன் அரங்கன் ஆகிறான், லட்சுமணன் இலக்குவன் ஆகிறான், அந்தக் கணக்கில் இதுவும் சேர்த்தி என்றார். மனைவிக்கு "உ" எப்படி "லோ" ஆகும் என்று ஒரே சந்தேகம். இரண்டு வாரம் வீட்டில் இலக்கண வகுப்புதான். கடைசியில் உலகநாதன் என்றே பதிந்தோம். பையனுக்கு இப்போது ஒன்பது வயது. கூப்பிடுவது உலகு. அவன் கூட்டாளிகள் கூப்பிடுவது வேர்ல்டு.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, இந்த எழுத்துகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் உங்கள் மாமனாரிடம் பேசுவதற்கு வசதியாக இருக்கும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சாங்கத்தில் பார்த்தால் தாறுமாறாகத் தெரியும். அசுவினிக்கு சு, சே, சோ, ல. இதில் என்ன ஒழுங்கு என்று நானும் பல வருஷம் யோசித்திருக்கிறேன். அசுவினியை விட்டுவிட்டுக் கார்த்திகையிலிருந்து படித்தால் விளங்கிவிடும். கார்த்திகை: அ, இ, உ, எ. ரோகிணி: ஒ, வ, வி, வு. மிருகசீரிடம்: வே, வோ, கா, கி. ஒவ்வொரு எழுத்தும் அ, இ, உ, எ, ஒ என்ற ஐந்து ஒலியோடு வரிசையாக நடந்து போகிறது. முதல் வரிசையில் அ, வ, க, ஹ, ட என்று ஐந்து எழுத்து. அதைச் சேர்த்துப் படித்துத்தான் இதற்கு அவகஹட சக்கரம் என்றே பெயர்.

ஐந்து எழுத்து, ஐந்து ஒலி, ஆக 25. ஆனால் ஒரு வரிசைக்கு ஏழு நட்சத்திரம், 28 பாதம். மூன்று குறைகிறதல்லவா? வடமொழி நெடுங்கணக்கில் மிச்சம் கிடந்த எழுத்துகளில் மூன்றை எடுத்து ஒரு நட்சத்திரத்துக்குள் சொருகிவிட்டார்கள். முதல் வரிசையில் மாட்டிக்கொண்டது திருவாதிரை. "கு"வுக்கு அடுத்து அழுத்தி ஒலிக்கும் ஒரு "க", பிறகு "ங", பிறகு "ச". திருவாதிரை மூன்றாம் பாதத்துக்காரர்கள் "ங"வில் பெயர் தேடி அலைவது இதனால்தான். இதே கதி அடுத்தடுத்த வரிசைகளில் அஸ்தம், பூராடம், உத்திரட்டாதி மூன்றுக்கும் நேர்ந்திருக்கிறது. நான்கு வரிசைக்கும் சேர்த்து 112 ஒலி. இன்றைய 27 நட்சத்திரத்துக்கு 108தான் வேண்டும். அபிஜித் என்ற நட்சத்திரத்தையும் சேர்த்து 28 என்று எண்ணிப் போட்ட கணக்கு இது. அபிஜித்தின் எழுத்துகளான ஜு, ஜே, ஜோவைச் சில பஞ்சாங்கங்கள் திருவோணத்துக்குக் கொடுத்திருக்கும், பார்த்திருப்பீர்கள்.

உங்கள் "டே"வில் உள்ள "ட" அந்த முதல் வரிசையின் கடைசி எழுத்து. டமருகம் என்கிறோமே, அந்த "ட". நம் இலக்கணத்தில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் சொல்லுக்கு முதலில் வராது. இந்தச் சக்கரம் தமிழ் எழுத்துக்காகப் போட்டதே இல்லை. தமிழில் முதலில் வரவே வராத எழுத்தில் தமிழ்ப் பெயர் தேடினால் எங்கே கிடைக்கும்? "டே"வுக்குப் பக்கத்தில் இருப்பது "தே". தேவநேயன் என்று வையுங்கள் அம்மா. தேவநேயப் பாவாணர் பெயர். இங்கிலீஷில் எழுதினால் முதல் எழுத்து "டி" என்றுதான் வரும், மாமனாருக்கும் ஆறுதலாக இருக்கும்.

பருத்தித்துறைப் பொடியன்

டீச்சர் ஐயா சொன்னது சரி. ஆனால் எங்கட பக்கம் "டி", "டு" ஒரு பிரச்சினையே இல்லை. டினேஸ், டிலக்சன், டனுசன் என்று வகுப்புக்கு நாலு பேர் இருப்பார்கள். நீங்கள் தினேஷ் என்று எழுதுவதை நாங்கள் டினேஸ் என்று எழுதிப்போட்டுப் போய்விடுவோம். எனக்கே பெயர் "டி"யில்தான் தொடங்குது, நட்சத்திரம் ஆயில்யம் இல்லை.

எங்கட வீட்டில் 31ஆம் நாள் துடக்குக் கழிவன்று பெயர் வைத்தார்கள். அதற்குள் சாத்திரியார் எழுத்தைச் சொன்னார், பெரியப்பா எண் சாத்திரம் பார்த்தார், லண்டன் மாமா வெள்ளைக்காரனுக்கு வாயில் வர வேண்டும் என்று நின்றார். மூன்று பேருக்கும் பொருந்தின பெயர் ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை. அதையே பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் போட்டாயிற்று. அம்மம்மா மட்டும் கடைசி வரைக்கும் என்னைக் குஞ்சு என்றுதான் கூப்பிட்டா.

எழிலன் அப்பா

பெயர் எதுவானாலும் இங்கிலீஷ் எழுத்தை முதலில் தாளில் எழுதிப் பாருங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கார்த்திகை நான்காம் பாதம், "எ". எழிலன் என்று ஒரே நாளில் முடிவாகிவிட்டது. அழகான பெயர், எல்லாருக்கும் சந்தோஷம். பிரசவம் பார்த்த இடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். மனைவிக்கு ஆபரேஷன் முடிந்த மறுநாள். இரண்டு ராத்திரி தூங்காமல் இருந்தேன். பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டு மாத்திரை வாங்கப் போய்விட்டேன். கம்ப்யூட்டரில் ஏற்றியவர் "ழ"வுக்கு "இசட் ஹெச்" போடாமல் "எல்" போட்டுவிட்டார். சான்றிதழ் கைக்கு வந்தபோது என் மகன் இங்கிலீஷில் எலிலன்.

அன்றைக்கே சரிசெய்திருக்க வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அதைப் பார்த்து ஆதார், ஆதாரைப் பார்த்துப் பள்ளிக்கூடம். முதல் நாள் மிஸ் வருகைப்பதிவேட்டைப் பார்த்து "எலிலன்" என்று வாசித்தார். அன்று சாயங்காலமே அவன் எலி ஆகிவிட்டான். வீட்டுக்கு வந்து, "அப்பா, நான் எலியா?" என்று கேட்டான் பாருங்கள், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே லீவு போட்டேன். முதலில் பிறப்புச் சான்றிதழ், பிறகு ஆதார், கடைசியில் பள்ளி என்று ஒவ்வொன்றாகத் திருத்தி முடிக்க ஐந்து மாதம் ஆனது.

இன்னொன்று. 30ஆம் நாளுக்குள் பெயர் பதிந்தே ஆக வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால் நம்பாதீர்கள். பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும். அதைப் பெயர் இல்லாமலே பதியலாம். பெயரை ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் தாமதக் கட்டணம் உண்டு. 15 வருஷம் வரை இடம் இருக்கிறது. ஆனால் ஒருமுறை ஏற்றிய பெயரை மாற்றுவதுதான் பெரும்பாடு. அதனால் நிதானமாக யோசித்து ஏற்றுங்கள்.

இரண்டு பஞ்சாங்க வீடு

எங்கள் வீட்டில் அப்பா பக்கம் வாக்கியப் பஞ்சாங்கம், அம்மா பக்கம் திருக்கணிதப் பஞ்சாங்கம். மகன் பிறந்த நேரத்துக்கு ஒன்றில் உத்திராடம் இரண்டாம் பாதம், இன்னொன்றில் மூன்றாம் பாதம். எழுத்து ஒன்றில் "போ", மற்றதில் "ஜ".

இரண்டிலும் சந்திரனைக் கணக்கிடும் முறை வேறு. சில மணி நேரம் முன்னே பின்னே இருக்கும். ஒரு பாதம் ஏறக்குறைய ஆறு மணி நேரம்தானே, பாதம் மாறும் சமயத்தில் பிள்ளை பிறந்தால் இப்படி ஆகிவிடும். அப்பா வாக்கியப்படி வரும் பாம்புப் பஞ்சாங்கத்தைத் தவிர வேறு எதையும் தொடாதவர். திருநள்ளாறு கோயிலிலேயே வாக்கியப்படிதான் சனிப்பெயர்ச்சி என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ஆனால் "போ"வில் பெயர் யோசிக்க ஆரம்பித்து மூன்று நாள் ஆனபின், போஜராஜனைத் தாண்டி ஒன்றும் கிடைக்காமல், "சரி, பேருக்கு மட்டும் திருக்கணிதம் பாத்துக்கலாம்" என்று அவரே இறங்கி வந்தார். ஜெயந்தன் என்று வைத்தோம். அது "ஜ" இல்லை, "ஜெ" என்று அத்தை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மூன்று பேரன் பாட்டி

எங்க காலத்துல எழுத்தெல்லாம் யார் பார்த்தா. மூத்தவனுக்கு அப்பாவைப் பெத்த தாத்தா பேரு, அடுத்தவனுக்கு அம்மாவைப் பெத்த தாத்தா பேரு, அதுக்கடுத்து குலசாமி. பேரன்னா பெயரன், தாத்தா பேரைச் சுமக்கிறவன். வீட்டுல மாமனார் பேரை மருமக சொல்லக் கூடாதுன்னு, அதே பேரு உள்ள பிள்ளையைப் பெத்தவளே "பெரியவரே, வாங்க சாப்பிட"ன்னு கூப்பிடுவா.

எழுத்து வேணும்னா காதுல ஓதுற பேரா அதை வச்சுக்கோங்க தாயி. மூணு தடவை சொல்லித் தேனைத் தொட்டு வச்சிட்டா அது அவனுக்கும் சாமிக்கும். ஊருக்கு வேற பேரு. எங்க சின்னப் பேரனுக்கு அப்படித்தான். காதுல சொன்ன பேரு என்னன்னு இப்ப எனக்கே மறந்துபோச்சு.

அறந்தாங்கி அம்மா

எல்லாருக்கும் நன்றி. நேற்று பெயர் வைத்தாயிற்று, அதனால்தான் நாலைந்து நாளாக இந்தப் பக்கம் வரவில்லை.

ஆசிரியர் ஐயா எழுதியதை வீட்டுக்காரர் மாமாவுக்குப் படித்துக் காட்டினார். மாமா முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம பெரியவங்க எல்லாம் முட்டாளா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். அதோடு போச்சு என்று நினைத்தேன்.

வேலையை முடித்தது அத்தைதான். நான் சும்மா, மாமா என்ன நட்சத்திரம் என்று கேட்டேன். பூராடம் என்றார். பூராடத்துக்கு என்ன எழுத்து என்று பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தோம். பூ, த, ப, ட. அத்தை மாமா பெயரைச் சொல்ல மாட்டார். "திருச்செந்தூர்ல நிக்கிறவர் பேரு" என்பார். சுப்பையா. அத்தை பஞ்சாங்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு திண்ணையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "இதுல சு-வையே காணோமே. இவருக்கு என்ன குறைஞ்சு போச்சாம்?" மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார். ராத்திரி சாப்பிடும்போது, "அந்த வாத்தியார் சொன்ன பேரு என்னது, இன்னொரு தரம் சொல்லு" என்றார்.

தேவநேயன். தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி மாமாவே மோதிரத்தால் எழுதினார். காதில் ஓதிய பெயர் கருப்பையா, மாமாவின் அப்பா பெயர். இங்கிலீஷ் எழுத்தைத் தாளில் எழுதி மூன்று பேர் சரிபார்த்தோம், எழிலன் அப்பாவுக்குத் தனி நன்றி. பையன் முழுச் சடங்கும் தூங்கினான்.

புதுசு

இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். எங்களுக்கு முந்தாநாள் ஆண் குழந்தை. உத்திரட்டாதி நான்காம் பாதம். எங்கள் பஞ்சாங்கத்தில் "ஞ" என்று போட்டிருக்கிறது. ஆசிரியர் ஐயா சொன்ன அந்தச் சொருகின எழுத்து நட்சத்திரம்தான். ஒன்றும் ஓடவில்லை. உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மிச்ச எழுத்தில் நமக்கு வாய்த்த ஒரே நல்ல எழுத்து அது ஐயா. ஞானவேல், ஞானசேகரன், ஞானமுத்து, ஞானசம்பந்தன். அறந்தாங்கி அம்மா பட்ட பாட்டைப் படித்துவிட்டு வந்து "ஞ"வுக்கு அழலாமா?